கழற்றிய புல்லட்டைத் திரும்பப் பூட்டுவது எப்படி?

கேள்வி இது: "அப்பாவின் 1971 மாடல் புல்லட் 350. மூன்று வருடத்துக்கு முன் ஒரு மெக்கானிக் முழுதாகக் கழற்றிப் போட்டார், பாதியில் விட்டுவிட்டார். சேசிஸுக்கு பவுடர் கோட்டிங் ஆகிவிட்டது, சிலிண்டரின் உள்துளையைக் குடைந்து போர் அடித்தாகிவிட்டது, அதற்கேற்ற சற்றுப் பெரிய சைஸ் பிஸ்டனும் வாங்கியாகிவிட்டது. மீதியெல்லாம் நான்கு அட்டைப் பெட்டிகளில் கிடக்கிறது. நானே பூட்டலாம் என்று இருக்கிறேன். எங்கே தொடங்குவது, எதில் கவனமாக இருப்பது?"

முதல் ஒரு வாரம் எதையும் பூட்டாதீர்கள். நான்கு பெட்டிகளையும் ஒரு பழைய பெட்ஷீட்டில் கொட்டி, மண்ணெண்ணெயில் கழுவி, எஞ்சின், கியர்பாக்ஸ், முன் போர்க், சக்கரங்கள், பிரேக், கேபிள் என்று தனித்தனியாகப் பரப்புங்கள். அந்த மாடலின் பார்ட்ஸ் புத்தகத்தைத் தேடிப் பிடியுங்கள். பிரித்து வரைந்த படங்களோடு இருக்கும், ஜெராக்ஸ் பிரதி போதும். ஒவ்வொரு பாகத்தையும் கையில் எடுத்து, படத்தில் அதன் எண்ணைக் கண்டுபிடித்து டிக் அடியுங்கள். நீங்களே கழற்றியிருந்தால் எது எதற்கு அடுத்து வந்தது என்று கை ஞாபகம் வைத்திருக்கும். வேறொருவர் கழற்றிய வண்டியில் அந்த ஞாபகம் உங்களிடம் இல்லை. படம்தான் துணை. டிக் விழாமல் மிச்சமிருப்பவற்றைப் பாருங்கள். பெரும்பாலும் பெரிய பாகங்களாக இருக்காது. ஆக்ஸில் ஸ்பேசர், ஷிம், ஃபெல்ட் வாஷர், சாவிக்கட்டை மாதிரிச் சின்னச் சாமான்கள்தான் காணாமல் போயிருக்கும். அவை இல்லாமலும் வண்டியைப் பூட்டிவிட முடியும் என்பதுதான் ஆபத்து.

கழற்றியதைத் தலைகீழ் வரிசையில் மாட்டினால் பூட்டுதல் முடிந்தது என்று பலர் நினைக்கிறார்கள். புதிதாக வந்த வண்டிக்கு அது ஓரளவு பொருந்தும். ஐம்பது வருட வண்டிக்குப் பொருந்தாது. இடையில் ஒருவர் மரையை, அதாவது போல்ட்டின் திருகுப் புரியை, கெடுத்திருப்பார், ஒருவர் துளையைப் பெரிதாக்கியிருப்பார், இப்போது நீங்கள் பெயின்ட் ஏற்றியிருக்கிறீர்கள், போர் அடித்திருக்கிறீர்கள், புது பார்ட்ஸ் வாங்கியிருக்கிறீர்கள். எல்லா அளவும் மயிரிழை மாறியிருக்கிறது. பட்டறையில் பழைய மெக்கானிக்குகள் "பார்ட்டு உட்காந்துடுச்சா?" என்று கேட்பார்கள். மாட்டியாச்சா என்று கேட்க மாட்டார்கள். பாகத்தின் முகம் முழுவதும் எதிர்முகத்தில் படிய வேண்டும், போல்ட்டை முடுக்குவதற்கு முன்பே கையால் வைத்தாலே அது தன் இடத்தில் நிற்க வேண்டும். போல்ட்டை முடுக்கித்தான் இடத்துக்கு இழுக்க வேண்டியிருக்கிறது என்றால் நிறுத்திவிடுங்கள். ஏதோ ஒன்று தப்பாக இருக்கிறது.

இனி மரை. உங்கள் வண்டிக்கு அதிகம் கெடுதல் நடந்திருக்கக்கூடிய இடம் இதுதான். 1955-ல் மெட்ராஸ் மோட்டார்ஸும் இங்கிலாந்தின் ரெடிச் ஊரிலிருந்த ராயல் என்ஃபீல்டும் சேர்ந்து என்ஃபீல்ட் இந்தியாவைத் தொடங்கின. திருவொற்றியூரில் தயாரான புல்லட் அந்த ரெடிச் வரைபடத்தில் பிறந்தது. 70 மி.மீ. போர் (சிலிண்டரின் உள்விட்டம்), 90 மி.மீ. ஸ்ட்ரோக் (பிஸ்டன் ஏறி இறங்கும் தூரம்), 346 சி.சி. என்ற அளவு மட்டுமல்ல, நட்டு போல்ட்டின் மரையும் பிரிட்டிஷ்காரர்களுடையதுதான். பி.எஸ்.எஃப். (பிரிட்டிஷ் ஸ்டாண்டர்ட் ஃபைன்), விட்வொர்த், அங்குலத்துக்கு 26 மரை கொண்ட சைக்கிள் மரை என்று ஒரே எஞ்சினில் மூன்று வகை இருக்கும். நம் ஊர் ஹார்டுவேர் கடையில் கிடைப்பதோ மெட்ரிக்.

5/16 அங்குலம் என்பது 7.94 மி.மீ. கடைக்காரர் கொடுக்கும் 8 மி.மீ. போல்ட் பார்வைக்கு அதேதான். 5/16 பி.எஸ்.எஃப். துளையில் அங்குலத்துக்கு 22 மரை, அதாவது மரைக்கு மரை 1.15 மி.மீ. சாதாரண 8 மி.மீ. போல்ட்டுக்கு 1.25 மி.மீ. முதல் இரண்டு சுற்று கையாலேயே ஏறும். மூன்றாவதில் இறுகும். "பெயின்ட் அடைச்சிருக்கு" என்று ஸ்பேனரைப் போட்டுத் திருகினால் இரும்பு போல்ட், அலுமினிய கிராங்க் கேஸில் (எஞ்சினின் அடிக்கூட்டில்) தனக்கென்று ஒரு புது மரையை வெட்டிக்கொண்டு போகும். அன்று இறுக்கமாகத்தான் இருக்கும். ஓட ஓட அந்த அலுமினியம் தூளாக வெளியே வந்துவிடும்.

அதனால் ஒரு மரை கேஜ் வாங்கிக்கொள்ளுங்கள், நூற்றுக்கணக்கில் தான் செலவு. ஒவ்வொரு போல்ட்டிலும் வைத்துப் பார்த்து, துணிப்பையில் பெயர் எழுதிப் போடுங்கள். பெயின்ட் புகுந்த துளைகளைச் சரியான பிரிட்டிஷ் டாப்பால் (துளைக்குள் மரை வெட்டும் கருவி) மட்டும் சுத்தம் செய்யுங்கள். சுத்தம் செய்கிறேன் என்று மெட்ரிக் டாப்பை இறக்கினால் கதை முடிந்தது. ஏற்கெனவே மரை போன துளைக்கு ஹெலிகாயில் (மரையாக அமையும் கம்பிச்சுருள்) போட்டு அதே பழைய மரைக்குத் திருப்பலாம், லேத் பட்டறையில் செய்து தருவார்கள். ஸ்பேனரும் அப்படித்தான். 1/4 விட்வொர்த் என்று அடித்த ஸ்பேனரின் வாய் சுமார் 13.3 மி.மீ. நம்மிடமிருக்கும் 13 நுழையாது, 14 ஆடும். பழைய புல்லட்டுகளில் நட்டின் மூலைகள் உருண்டு கிடப்பதற்கு இதுதான் காரணம். விட்வொர்த் ஸ்பேனர் செட் ஒன்று பழைய சாமான் கடைகளில் இன்னும் கிடைக்கிறது. இந்த வேலைக்கு அதைவிட நல்ல முதலீடு எனக்குத் தெரியவில்லை.

பவுடர் கோட்டிங் ஆகிவிட்டது என்கிறீர்கள். பெயின்டுக்கு முன்பே ஒருமுறை எல்லாவற்றையும் பூட்டிப் பார்த்திருக்க வேண்டும், அது போகட்டும். இப்போது சேசிஸில் நான்கு இடங்களைச் சுரண்டிப் பாருங்கள். ஹேண்டில் சுழலும் கழுத்துக் குழாயில் பேரிங் கப் உட்காரும் இடம், எஞ்சின் பிளேட் படியும் முகங்கள், சுவிங் ஆர்ம் துளை, எர்த் வயர் பிடிக்கும் போல்ட். பவுடர் தடிமனான பூச்சு, கப்பின் கீழே அது இருந்தால் கப் சாய்வாக இறங்கும், நாலு மாதத்தில் பூச்சு நொறுங்கி ஹேண்டில் ஆடத் தொடங்கும். எர்த் இடத்தில் இருந்தால் ஹாரன் ஒரு நாள் அடிக்கும், ஒரு நாள் அடிக்காது, நீங்கள் வயரிங் முழுவதையும் பிரித்துப் பார்த்துக்கொண்டிருப்பீர்கள். சேசிஸ் எண் பொறித்த இடத்தில் எழுத்து தெளிவாகத் தெரிகிறதா என்றும் பாருங்கள். ஆர்.டி.ஓ.வில் முதலில் தேடுவது அதைத்தான்.

எஞ்சினுக்கு வருவோம். புது ரிங்கைப் பிஸ்டனில் ஏற்றுவதற்கு முன் ஒவ்வொன்றாகச் சிலிண்டருக்குள் விட்டு, பிஸ்டன் தலையால் தள்ளி நேராக்கி, ஃபீலர் கேஜால் (இடைவெளி அளக்கும் மெல்லிய தகடுகள்) ரிங்கின் இரு முனைக்கும் நடுவிலுள்ள வாய் இடைவெளியை அளக்க வேண்டும். போரின் ஒவ்வொரு அங்குலத்துக்கும் 0.004 அங்குலம் என்பது பொதுக் கணக்கு. 70 மி.மீ. போருக்கு 0.011 அங்குலம், அதாவது 0.28 மி.மீ. அருகில் வரும். அதைவிடக் குறைவாக இருந்தால் சூட்டில் இரண்டு முனையும் முட்டி ரிங் உடையும். அரத்தால் லேசாகத் தேய்த்துச் சரிசெய்யலாம். வாய்கள் ஒரே கோட்டில் வராமல் சுற்றிலும் பிரித்து வையுங்கள். பிஸ்டன் பின் நகராமல் பிடிக்கும் வளையமான சர்க்ளிப் எப்போதும் புதிது. பழையதைத் திரும்பப் போட்டு மிச்சமாகும் காசுக்கு ஒரு சிலிண்டரைப் பணயம் வைக்கிறோம்.

ஹெட்டில் ராக்கர் ஆர்ம்களை (வால்வை அழுத்தித் திறக்கும் நெம்புகள்) தாங்கும் கட்டைகள் மேல், கீழ் என்று இரண்டு பாதிகளாக இருக்கும். சேர்த்துப் பிடித்துக் குடைந்தவை அவை. இன்லெட் மேல்பாதியை எக்ஸாஸ்ட் கீழ்பாதியோடு ஜோடி சேர்த்தால் மாட்டும், ஆனால் ராக்கர் பிடிக்கும், அல்லது எண்ணெய்த் துளை மூடிக்கொள்ளும். பெட்டியில் கலந்து கிடந்தால் ஜோடியை இப்படிக் கண்டுபிடிக்கலாம்: இரண்டு பாதியையும் சேர்த்துப் பிடித்து உள்வட்டத்தில் நகத்தால் தடவுங்கள். சரியான ஜோடியில் நகம் தட்டாது. ராக்கரைக் கீழிருந்து தள்ளும் புஷ் ராடுகளும் அப்படித்தான், இன்லெட், எக்ஸாஸ்ட் இரண்டும் ஒன்றுக்கு ஒன்று மாற்றல்ல.

இப்போது எஞ்சினின் வலப்பக்க மூடியான டைமிங் கவர். இந்தப் பதிலில் ஒரே ஒரு பத்தியை மட்டும் படிப்பதாக இருந்தால் இதைப் படியுங்கள் என்பேன். எண்ணெய் பம்ப் இரண்டும் இந்தக் கவரில்தான் இருக்கின்றன, ஒன்று கொடுப்பது, ஒன்று திரும்ப எடுப்பது. கொடுக்கும் பம்பிலிருந்து எண்ணெய் ஃபில்டர் வழியாக வந்து, கவரின் உள்முகத்திலுள்ள ஒரு சின்னக் குழியில் வெளிவருகிறது. அந்தக் குழியில் ஒரு தக்கை வாஷர் இருக்கிறது. கிராங்க் தண்டின் முனையில் பம்பை ஓட்டும் புழுப்பல் நட்டு இருக்கிறதே, அதன் மூக்கு இந்தத் தக்கையில் அழுந்தி நிற்கும். நட்டு உள்ளே துளை கொண்டது, எண்ணெய் தக்கையைத் தாண்டி அந்தத் துளை வழியாகக் கிராங்குக்குள் போய் பிக் எண்டை (கனெக்டிங் ராடு கிராங்கோடு சேரும் பேரிங்) அடைகிறது. பிக் எண்டுக்கு வேறு வழியே கிடையாது. தக்கை சரியாக அழுந்தவில்லை என்றால் எண்ணெய் பக்கவாட்டில் கசிந்து டைமிங் அறைக்குள்ளேயே விழுந்துவிடும். வெளியே ஒரு சொட்டுக்கூடத் தெரியாது. உங்கள் வருடத்து வண்டியில் பிக் எண்ட் மிதக்கும் வெள்ளை உலோக புஷ்ஷாக இருக்க வாய்ப்பு அதிகம். ரோலராக இருந்தாலாவது கொஞ்ச நேரம் தாங்கும். புஷ் எண்ணெய்ப் படலத்தின் மேல்தான் உயிர் வாழ்கிறது.

நான் முதன்முதலில் பூட்டிய புல்லட்டில் பழைய தக்கையைத் துடைத்துத் திரும்ப வைத்தேன். பார்க்க நன்றாகத்தான் இருந்தது, கல் மாதிரி இறுகியிருந்ததை நான் கவனிக்கவில்லை. கிளப்பியதும் ராக்கர் கவரைத் திறந்து பார்த்தேன், எண்ணெய் வழிந்து வந்தது. சரி, எண்ணெய் ஓட்டம் பிரமாதம் என்று நம்பிவிட்டேன். அறுபது கிலோமீட்டரில் கீழே டொக் டொக் என்று ஒரு சத்தம். லேத் பட்டறையில் கிராங்கைப் பிரித்தபோது புஷ்ஷின் வெள்ளை உலோகம் சேறு அப்பியது மாதிரி இழுபட்டிருந்தது. பிறகுதான் புரிந்தது: ராக்கருக்குப் போகும் எண்ணெய் திரும்ப எடுக்கும் பம்பிலிருந்து போவது. மேலே எண்ணெய் வந்தால் திரும்பும் பாதை வேலை செய்கிறது என்றுதான் அர்த்தம். தக்கையைப் பற்றி அது எதையும் சொல்லாது.

ஆகவே புதுத் தக்கை வாங்கி, இரவு முழுவதும் எஞ்சின் ஆயிலில் ஊறவிடுங்கள். குழியைச் சுரண்டாமல் துடைத்து, தக்கையை விரலால் அழுத்தி நேராக உட்காரவையுங்கள். பேக்கிங்கோடு கவரை வைத்து, எல்லா ஸ்க்ரூவையும் முடுக்கி, உடனே திரும்பக் கழற்றுங்கள். தக்கையைப் பாருங்கள். நட்டின் மூக்கு அதில் ஒரு வட்டத் தடம் பதித்திருக்கும். வட்டம் முழுதாக, சுற்றிலும் ஒரே ஆழமாக இருக்க வேண்டும். அரை நிலாவாக இருந்தால் கவர் சாய்கிறது அல்லது தக்கை சாய்ந்திருக்கிறது. தடமே இல்லையென்றால் தக்கை மெலிது, அல்லது பேக்கிங் தடிமன். சரியாக வரும்வரை மாற்றி மாற்றிப் பாருங்கள், அவசரமே இல்லை. அந்தப் புழுப்பல் நட்டு இடது மரை என்பதையும் நினைவில் வையுங்கள். வழக்கமான திசையில் கழற்றப் போனால் இன்னும் இறுகும், பலர் கிராங்க் முனையையே முறித்திருக்கிறார்கள்.

கவரை மூடும்போது சீலன்ட் பேஸ்டைப் பிதுக்கிப் பிதுக்கிப் பூசுகிற பழக்கம் நம் ஊரில் எங்கும் இருக்கிறது. வெளியே எவ்வளவு பிதுங்கியதோ அதே அளவு உள்ளேயும் பிதுங்கியிருக்கும். அந்தத் துணுக்கு காய்ந்து உதிர்ந்து எண்ணெய்த் துளையில் போய் உட்காரும். பேக்கிங் தாளின் இரு பக்கமும் கிரீஸ் மெலிதாகத் தடவினால் போதும். தாளிலுள்ள எண்ணெய்த் துளைகள் கவரின் துளைகளோடு சேர்கின்றனவா என்று வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். கவரின் ஸ்க்ரூக்கள் எல்லாம் ஒரே நீளமல்ல. ஒரு அட்டையில் கவரின் வடிவத்தை வரைந்து, அந்தந்த இடத்தில் துளை போட்டு, ஸ்க்ரூவைக் குத்தி வைத்துக்கொண்டால் குழப்பமே வராது. நீள ஸ்க்ரூ குட்டைத் துளையில் அடிமுட்டினால் இறுகியது போலத் தெரியும், கவர் மட்டும் தளர்வாகவே இருக்கும்.

டேப்பட், அதாவது வால்வு இடைவெளி விஷயத்தில் வேறு வண்டி பழகியவர்கள் தடுமாறுவார்கள். இதற்கு ஃபீலர் கேஜ் வேண்டாம். எஞ்சின் குளிர்ந்திருக்க வேண்டும், பிஸ்டன் கம்ப்ரஷனில் உச்சியில் இருக்க வேண்டும். சிலிண்டருக்கு வலப்பக்கம் உள்ள சின்னக் கதவைத் திறந்து, புஷ் ராடை இரண்டு விரலால் பிடித்துச் சுற்றினால் சுற்ற வேண்டும், மேலும் கீழும் ஆட்டினால் ஆடக் கூடாது. அவ்வளவுதான், பூஜ்ய இடைவெளி. சூடேறியதும் சிலிண்டரும் ஹெட்டும் உயர்ந்து தேவையான இடைவெளி தானே வரும்.

பாயின்ட் (திறக்கும்போது பிளக்கில் பொறி விழவைக்கும் தொடுமுனைகள்) இடைவெளி 0.35 முதல் 0.40 மி.மீ. இக்னிஷன் டைமிங், அதாவது பொறி விழும் நேரம், அட்வான்ஸ் முழுக்கப் பின்னால் இருக்கும் நிலையில், பிஸ்டன் உச்சிக்கு 0.8 மி.மீ. முன்பு. சிகரெட் பெட்டித் தாள் மாதிரி மெல்லிய ஒன்றைப் பாயின்டுக்கிடையில் வைத்து லேசாக இழுத்துக்கொண்டே எஞ்சினை நகர்த்துங்கள், தாள் விடுபடும் நொடிதான் பாயின்ட் திறக்கும் நொடி. பிளக் துளை சாய்வானது என்பதால் அதற்குள் சைக்கிள் கம்பியை விட்டு 0.8 மி.மீ. அளப்பது துல்லியமாக வராது. ஹெட் கழற்றி இருக்கும்போதே அளந்து, ஆல்டர்னேட்டர் ரோட்டரில் ஒரு குறி போட்டு வைத்துக்கொள்ளுங்கள். டைமிங் அதிகம் முன்னேறிவிட்டால் கிக்கர் திரும்பி அடிக்கும். கணுக்கால் வீங்கிய ஆட்களை நான் பார்த்திருக்கிறேன்.

இடப்பக்கப் பிரைமரி கவரை (எஞ்சினிலிருந்து கிளட்ச்சுக்குப் போகும் செயினின் மூடி) நடுவிலுள்ள ஒரே நட்டுதான் பிடிக்கிறது. எண்ணெய் கசிகிறது என்று அதை மேலும் மேலும் முடுக்கி கவரையே வளைத்துவிடுவார்கள். வளைந்த கவர் எப்படி முடுக்கினாலும் கசியும். தட்டையான கண்ணாடிமேல் கவிழ்த்து வைத்து ஆடுகிறதா பாருங்கள். கார்புரேட்டர் பிளேஞ்சுக்கும் இதே பரிசோதனை.

சேசிஸ் பக்கம் வேகமாகச் சொல்லிவிடுகிறேன். ஹேண்டில் கப்பில் குண்டுகளைக் கிரீஸில் ஒட்டி அடுக்கும்போது கடைசியில் ஏறக்குறைய ஒரு குண்டுக்கான இடம் காலியாக இருக்கட்டும், நெருக்கி அடைத்தால் குண்டு உருளாமல் தேயும். செயின் லாக்கின் மூடிய பக்கம் செயின் ஓடும் திசையைப் பார்க்க வேண்டும். கேபிள்களை மாட்டியபின் ஹேண்டிலை இரு ஓரத்துக்கும் திருப்பிப் பாருங்கள், எங்கும் இழுபடக் கூடாது. பின்சக்கர நேரைக் கயிறு பிடித்துச் சரிபாருங்கள். முன்னால் ஹெட்லைட்டுக்கு மேலே இரு பக்கமும் உள்ள சின்ன டைகர் லேம்புக்குப் போகும் வயர்களை ஹெட்லைட் குடுவைக்குள் மடக்கி நெருக்காதீர்கள், பழைய வயர் என்றால் மொத்தமாக மாற்றிவிடுவது நல்லது.

காணாமல் போன சாமானுக்குச் சென்னை புதுப்பேட்டையில் ஒரு நாள் முழுக்கச் சுற்றுங்கள். பளபளக்கும் புது டூப்ளிகேட்டைவிட, தேய்மானம் குறைவான பழைய ஒரிஜினல் பல நேரம் மேல். வெர்னியர் காலிபரும் உங்கள் பழைய பாகமும் கையில் இருக்கட்டும், கடையிலேயே அளந்து வாங்குங்கள். புது பாகம் சேரவில்லை என்றால் வண்டிப் பக்கத்தை அரம் போடாதீர்கள். பாகத்தைத் திருப்பிக் கொடுங்கள், அல்லது பாகத்தைத் தேயுங்கள். பாகம் இன்னொன்று கிடைக்கும், கிராங்க் கேஸ் கிடைக்காது.

ஒரிஜினலாக வைத்திருப்பதில் இன்னொரு பயனும் உண்டு. முதல் பதிவாகி 50 வருடம் தாண்டிய, அடிப்படை வடிவம் மாறாத வண்டிகளை விண்டேஜ் என்று பதிவு செய்ய 2021-ல் மத்திய அரசு விதி கொண்டுவந்தது, எண்ணில் 'வி.ஏ.' என்ற எழுத்துகள் வரும். ஆனால் அப்படிப் பதிந்த வண்டியைத் தினசரி ஓட்ட முடியாது, கண்காட்சி, ராலி மாதிரிக் காரியங்களுக்குத்தான். கடைக்கும் ஆபீசுக்கும் ஓட்டப் போகிறீர்கள் என்றால் சாதாரணப் புதுப்பித்தலே போதும்.

முதன்முறை கிளப்பும் முன் ஃபில்டர் அறையில் எண்ணெய் ஊற்றி நிரப்புங்கள். பிளக்கைக் கழற்றிவிட்டு ஐம்பது முறையாவது கிக்கரை மிதியுங்கள். கிளம்பியதும் பத்து நிமிடம் சாதாரண வேகத்தில் ஓடவிட்டு அணைத்துவிடுங்கள். இரவு முழுக்க ஆறட்டும். மறுநாள் காலையில் ஹெட் நட்டுகளை எதிரெதிராக, கொஞ்சம் கொஞ்சமாக மறுபடி முடுக்குங்கள். புது பேக்கிங் அழுந்தியிருக்கும், நட்டு கொஞ்சம் இறங்கும். ஹெட் இறங்கினால் ராக்கரும் இறங்கும், புஷ் ராடு இறுகிவிடும், வால்வு முழுதாக மூடாது. அதனால் ஹெட் முடுக்கிய கையோடு டேப்பட்டையும் மறுபடி வையுங்கள். இதை விட்டுவிட்டுத்தான் "ரீஸ்டோர் பண்ணினேன், ஸ்டார்ட்டே ஆகமாட்டேங்குது" என்று பலர் வருகிறார்கள்.

டைமிங் கவரைக் கடைசியாக மூடுவதற்கு முன் அந்தத் தக்கையில் விழுந்த தடத்தை நல்ல வெளிச்சத்தில் ஒரு படம் எடுத்து அனுப்புங்கள். பார்த்துச் சொல்கிறேன், அதன் பிறகு மூடுங்கள்.